டிக்கெட்டை வெட்டினால் காசு மிச்சமா?

பொங்கல் நெருங்கும்போதும், கோடை விடுமுறை நெருங்கும்போதும், மும்பையிலிருந்து எனக்கு வரும் தொலைபேசிகளில் பாதி இரயில் டிக்கெட்டைப் பற்றியவை. மாதுங்காவிலிருந்து மைத்துனர் மகன் கேட்பான். டோம்பிவிலியிலிருந்து அக்காவின் மருமகள் கேட்பாள். முன்பெல்லாம் "இடம் கிடைக்குமா?" என்பது ஒன்றே கேள்வி. சில ஆண்டுகளாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "சித்தப்பா, லண்டனில் இருக்கும் எங்கள் பையன் வெளியூர் போக ஒரே டிக்கெட் வாங்குவதில்லையாம். நடுவில் ஓர் ஊர் வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று துண்டு துண்டாக வாங்குகிறானாம். நல்ல மிச்சமாம். நாமும் சோலாப்பூர் வரை ஒன்று, குண்டக்கல் வரை ஒன்று, சென்னை வரை ஒன்று என்று வாங்கினால் என்ன?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட நம் சங்க இதழில் ஒருமுறை எழுதிவிட்டால் எல்லோருக்கும் பயன்படுமே என்று தோன்றியது. பாடம் போலத்தான் இருக்கும். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பொறியியல் டிப்ளமோ படித்து இரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் சேர்ந்தவன். டிக்கெட் விற்பது வணிகப் பிரிவின் வேலை. எங்கள் பிரிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் இரயில்வேக்காரன் என்றால் உறவினர்கள் விடமாட்டார்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே கட்டண விதிகளைப் படிக்கத் தொடங்கி, ஓய்வு பெற்ற பிறகு அதுவே பொழுதுபோக்காகிவிட்டது. இப்போது நான் இருப்பது வடமாலபேட்டையில். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், அதன் பிறகு திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. மும்பை வாசகர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சோலாப்பூர், குண்டக்கல், கடப்பா வழியாகச் சென்னைக்குப் போனவர்கள் எல்லோரும் எங்கள் பக்கத்தைக் கடந்துதான் போயிருக்கிறீர்கள். ரேணிகுண்டாவை விட்டு வண்டி புறப்பட்டதும் பூடி, தடுக்குப்பேட்டை என்று சிறிய நிலையங்கள் ஓடி மறையும். அடுத்து புத்தூர் வரும். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பெயர் வாங்கிய அதே புத்தூர்தான். அந்த இடைவெளியில் இருக்கிறது எங்கள் ஊர்.

இந்தப் பாதை மிகப் பழையது. 1856-இல் ராயபுரத்திலிருந்து தொடங்கிய மெட்ராஸ் இரயில்வே, அரக்கோணத்திலிருந்து வடமேற்காக ஒரு கிளை போட்டு 1862-இல் ரேணிகுண்டாவைத் தொட்டது. 1871-இல் ராய்ச்சூரில், பம்பாயிலிருந்து வந்த பாதையோடு கை கோத்தது. மும்பைத் தமிழர்கள் ஊருக்குப் போய்வர அன்று முதல் இது ஒரு முக்கிய வழி. நம் கணக்குக்கும் ரேணிகுண்டாதான் முக்கியமான இடம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

லண்டன் கணக்கு வேறு

இங்கிலாந்தில் டிக்கெட்டைப் பிரித்து வாங்கினால் மிச்சம் என்பது உண்மை. அது ஏமாற்று வேலையும் அல்ல. அந்த நாட்டு இரயில் பயண விதிகளே அதை வெளிப்படையாக அனுமதிக்கின்றன. ஒரே நிபந்தனை, எந்த நிலையத்தில் ஒரு சீட்டு முடிந்து மறு சீட்டு தொடங்குகிறதோ அங்கே வண்டி நிற்க வேண்டும். பயணி இறங்கி ஏற வேண்டியதில்லை; உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாம்.

ஏன் மிச்சமாகிறது? இரண்டு காரணங்கள். அங்கே கட்டணம் கிலோமீட்டரைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் இவ்வளவு என்று ஒவ்வொரு சோடிக்கும் தனித்தனி விலை. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இரயில்வே பல கம்பெனிகளின் கைக்குப் போனது. 2025 முதல் ஒவ்வொன்றாக அரசிடம் திரும்பிக்கொண்டிருக்கிறது. இடையில் இந்தச் சோடி விலைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வளர்ந்துவிட்டன. இரண்டு சிறு சோடிகளைக் கூட்டினால் ஒரு பெரிய சோடியைவிடக் குறைவாக வருவது அங்கே சர்வ சாதாரணம்.

இரண்டாவது காரணம் கடிகாரம். காலையில் அலுவலகம் போகும் நெரிசல் நேரத்தில் ஒரு விலை, அது கழிந்தபின் வேறு விலை. லண்டன் பாடிங்டனிலிருந்து பிரிஸ்டலுக்குக் காலையில் போகிறவர் முழுத் தூரத்துக்கும் நெரிசல் விலை கொடுக்க வேண்டும். நடுவழியில் டிட்காட் என்று ஒரு நிலையம் இருக்கிறது. வண்டி அங்கே வந்து சேரும்போது, டிட்காட்டிலிருந்து பிரிஸ்டல் போகும் சலுகை நேரச் சீட்டு செல்லத் தொடங்கியிருக்கும். ஆகவே டிட்காட் வரை மட்டும் நெரிசல் விலை, அதற்கு மேல் சலுகை விலை. சீட்டுப் பிரிப்புக்கு அந்த நாட்டார் காலங்காலமாகச் சொல்லும் உதாரணம் இதுதான். வண்டி தாமதமானாலும் இரண்டு சீட்டையும் சேர்த்து ஒரே பயணமாகக் கருதுகிறார்கள் என்பது இன்னொரு வசதி.

நம் நாட்டில் இந்த இரண்டு காரணமும் இல்லை. சாதாரணக் கட்டணத்துக்குக் கடிகாரம் கிடையாது. காலை எட்டு மணிக்கும் நள்ளிரவுக்கும் ஒரே விலை. விலைக்கு அடிப்படை ஊர்ச் சோடி அல்ல, தூரம். அதுவும் நேர்கோட்டுத் தூரக் கணக்கு அல்ல. இங்கேதான் பாடம் தொடங்குகிறது.

போகப் போகக் குறையும் விலை

இந்திய இரயில்வேயில் தூரம் கூடக்கூட ஒரு கிலோமீட்டருக்கான விலை குறைந்துகொண்டே போகும். முதல் நூறு கிலோமீட்டருக்குக் கொடுப்பதைவிட ஆயிரத்துக்கு அப்பால் வரும் நூறு கிலோமீட்டருக்குக் குறைவாகவே கொடுக்கிறோம். இதை டெலஸ்கோப்பிக் கட்டணம் என்பார்கள். குழாய்க்குள் குழாயாக மடங்கும் தொலைநோக்கியைப் போல என்று பொருள்.

புரிவதற்காக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள விலைகள் நான் வைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு விலைகள், இரயில்வே விலைகள் அல்ல. முதல் 200 கி.மீ.க்கு கி.மீ. ஒன்றுக்கு 50 பைசா. அடுத்த 300 கி.மீ.க்கு 40 பைசா. அதற்கு மேல் 30 பைசா. 800 கி.மீ. போகும் ஒருவருக்கு 100, 120, 90 சேர்ந்து 310 ரூபாய். அவரே சரிபாதியாக வெட்டி 400 கி.மீ. சீட்டு இரண்டு வாங்கினால் ஒவ்வொன்றும் 100, 80 சேர்ந்து 180, இரண்டும் 360. வெட்டியதால் 50 ரூபாய் நஷ்டம். காரணம் எளிது. மலிவான கடைசித் துண்டைத் தொடாமலே இரண்டாவது சீட்டில் மறுபடி விலை கூடிய முதல் துண்டிலிருந்து ஆரம்பிக்கிறார்.

இதோடு முடியவில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் தூரத்தைப் பாராத நிரந்தரக் கட்டணங்கள் சில உண்டு. முன்பதிவுக் கட்டணம் ஸ்லீப்பருக்கு 20 ரூபாய், மூன்றடுக்கு ஏ.சி.க்கு 40 ரூபாய். சூப்பர்ஃபாஸ்ட் வண்டியானால் ஸ்லீப்பருக்கு 30, மூன்றடுக்கு ஏ.சி.க்கு 45. நால்வர் குடும்பம் சூப்பர்ஃபாஸ்ட் வண்டியில் ஸ்லீப்பர் சீட்டை ஓர் இடத்தில் வெட்டினால் கூடுதலாக 200 ரூபாய், மூன்றடுக்கு ஏ.சி.யில் 340 ரூபாய். போக வர இரண்டு மடங்கு. இணையத்தில் வாங்கினால் வசதிக் கட்டணமும் இரண்டு முறை. ரத்து செய்ய நேர்ந்தால் பிடித்தமும் இரண்டு முறை.

இன்னும் ஒன்று, பலருக்குத் தெரியாதது. ஒவ்வொரு வகுப்புக்கும் குறைந்தபட்சத் தூரம் என்று ஒன்று இருக்கிறது. ஸ்லீப்பரில் எவ்வளவு குறைவாகப் போனாலும் 200 கி.மீ.க்கான கட்டணம் கொடுத்தாக வேண்டும்; மூன்றடுக்கு ஏ.சி.யில் 300 கி.மீ. ரேணிகுண்டாவிலிருந்து சென்னை ஏறத்தாழ 135 கி.மீ. அந்தத் துண்டுக்குத் தனியாக ஸ்லீப்பர் வாங்குகிறவர் போகாத 65 கி.மீ.க்கும் பணம் கட்டுகிறார்.

ஆகவே சோலாப்பூர், குண்டக்கல், சென்னை என்று அதே வண்டியில் அதே வகுப்பில் மூன்றாக வெட்டுவது கையிலிருந்து காசைக் கீழே போடுவதற்குச் சமம். மும்பையிலிருந்து திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். தூரம் அதிகம் என்பதால் அவர்கள் மலிவான துண்டில் வெகுதூரம் போகிறார்கள். வழியில் வண்டி மாற வேண்டியிருந்தாலும், முழுத் தூரத்துக்கும் ஒரே பயணக் கணக்காக இரண்டு வண்டிக்கும் இடம் பதிவு செய்து தர முடியுமா என்று நிலையத்து முன்பதிவுக் கவுண்டரில் கேட்டுப் பாருங்கள். இணையத்தில் தனித்தனியாக வாங்கிப் பழகிவிட்டதால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களே அருகிவிட்டார்கள்.

நம் நெரிசல் பஞ்சாங்கத்தில் இருக்கிறது

இங்கிலாந்தின் நெரிசல் கடிகாரத்தில் என்றால், நம் நெரிசல் பஞ்சாங்கத்தில். பொங்கல், தீபாவளி, பள்ளி விடுமுறை. அந்த நாட்களில் விலை ஏறுவது நான்கு வாசல்கள் வழியாக: தட்கல், பிரீமியம் தட்கல், சிறப்புக் கட்டணத்தில் ஓடும் விசேஷ வண்டிகள், ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் 2016 செப்டம்பர் 9 முதல் வந்த ஏறும் கட்டணம். இந்தக் கடைசி வகையில் பத்தில் ஒரு பங்கு இடம் விற்றுத் தீரும்போதெல்லாம் அடிப்படைக் கட்டணம் பத்து விழுக்காடு ஏறும். 2014-இல் வந்த பிரீமியம் தட்கலிலும் தேவைக்கேற்ப விலை ஏறிக்கொண்டே போகும். உறுதியான சீட்டை ரத்து செய்தால் ஒன்றும் திரும்பாது. அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே உத்தமம் என்பது என் கருத்து.

வீட்டுப் பெரியவர்களுக்கும் இப்போது தள்ளுபடி பார்த்துப் போடும் கணக்கு இல்லை. ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச் 20-இல் நிறுத்தப்பட்டது. ஐந்து வயது நிறைந்த குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்டால் 2016 முதல் முழுக் கட்டணம். தாத்தா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் கிளம்பினால் ஆறு முழு டிக்கெட். அதனால்தான் ஒவ்வொரு ரூபாயும் கணக்கில் வருகிறது.

சாதாரணத் தட்கலில் வெட்டுவது எவ்வளவு விபரீதம் என்று பாருங்கள். ஸ்லீப்பருக்குத் தட்கல் கூடுதல் குறைந்தது 100, அதிகபட்சம் 200. மூன்றடுக்கு ஏ.சி.க்கு 300 முதல் 400 வரை. மும்பையிலிருந்து சென்னை வரை ஏறத்தாழ 1,280 கி.மீ. போனாலும் அந்த உச்ச வரம்பைத் தாண்டாது. அதுவே ரேணிகுண்டாவில் ஏறிச் சென்னை போகும் 135 கி.மீ.க்குத் தட்கலில் ஸ்லீப்பர் வாங்கினால், 500 கி.மீ.க்கான கட்டணம் கொடுத்து அதன்மேல் தட்கல் கூடுதலும் கொடுக்க வேண்டும். தட்கலில் ஸ்லீப்பருக்குக் குறைந்தபட்சத் தூரம் 500 கி.மீ. என்று விதி. ஆனால் பகலில் உட்கார்ந்து போகும் முன்பதிவு இரண்டாம் வகுப்புக்குத் தட்கல் கூடுதல் 10 முதல் 15 ரூபாய்தான். குறைந்தபட்சத் தூரமும் 100 கி.மீ.தான். ஒரே பாதையில் இவ்வளவு வித்தியாசம். இந்த வித்தியாசத்துக்குள்தான் நமக்கு வேண்டிய மிச்சம் ஒளிந்திருக்கிறது.

எங்கே வெட்டினால் பயன்?

அதே வண்டி, அதே வகுப்பு என்றால் வெட்டாதீர்கள். வகுப்பை மாற்றுவதற்காக வெட்டினால் பயன் உண்டு.

இரவில் படுக்க மூன்றடுக்கு ஏ.சி. வேண்டும், வயதானவர்கள் இருக்கிறார்கள், சரி. ஆனால் மறுநாள் பகலில் ரேணிகுண்டா தாண்டிய கடைசி இரண்டு மூன்று மணி நேரத்துக்கும் அதே ஏ.சி. விலை எதற்கு? மும்பையிலிருந்து ரேணிகுண்டா வரை ஏ.சி. சீட்டு வாங்கி இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பாசஞ்சர் அல்லது மெமு வண்டியில் சாதாரண இரண்டாம் வகுப்பில் போனால், முழுச் சீட்டில் அந்தக் கடைசித் துண்டுக்காக ஏறும் தொகையைவிடக் குறைவாகவே ஆகும். சாதாரண வண்டியின் கட்டணம் எக்ஸ்பிரஸ் வண்டியின் இரண்டாம் வகுப்பைவிடவும் மலிவு. குறைந்தபட்சம் 10 ரூபாய் என்பது கொரோனாக் காலத்தில் 30 ஆகி, 2024 பிப்ரவரியில் மீண்டும் 10 ஆனது. 2025-இல் ஜூலையிலும் டிசம்பரிலும் கட்டணத்தை உயர்த்தியபோதுகூட, 135 கி.மீ. போன்ற குறுந்தூரச் சாதாரண வகுப்பைத் தொடவில்லை. ஏ.சி.க்கு இரண்டு முறையும் ஏறியது. ஆகவே இந்த இடைவெளி முன்னைவிட இப்போது அகலம். அதோடு முன்பதிவில்லாத வகுப்பில் ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இன்றும் அரை டிக்கெட்.

ஸ்லீப்பரில் போகிறவர்களுக்கு இந்த மாற்றத்தால் கிடைப்பது சொற்பம். தலைக்கு ஒரு காப்பிக் காசுக்காக நான்கு பெட்டி, ஒரு பாத்திர மூட்டை, தூங்கி எழுந்த குழந்தையோடு ரேணிகுண்டா நடைமேடையில் வண்டிக்காகக் காத்திருப்பது தேவைதானா என்று வீட்டம்மாவைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பாசஞ்சர் வண்டிகளின் எண்ணிக்கையும் குறைவு. எந்த நேரத்தில் உண்டு என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இடம் கிடைக்காத நாளில்தான் வெட்டுவதன் மெய்யான இலாபம். சென்னை வரை காத்திருப்புப் பட்டியல் நீண்டுகிடக்கும். ரேணிகுண்டா அல்லது திருப்பதி வரை வேறொரு வண்டியில் உறுதியான இடம் இருக்கும். அங்கிருந்து சென்னைக்குச் சப்தகிரி, கருடாத்ரி போன்ற எக்ஸ்பிரஸ் வண்டிகள் உண்டு. பேருந்தும் அடிக்கடி உண்டு. இங்கே ஒப்பிட வேண்டியது முழுச் சீட்டின் விலையோடு அல்ல, ஏனென்றால் அது கையில் இல்லை. பிரீமியம் தட்கலோடும், பண்டிகைக்காலத் தனியார் சொகுசுப் பேருந்தோடும் ஒப்பிட வேண்டும். அப்போது ஐம்பது நூறு நஷ்டமானாலும் மொத்தத்தில் ஆயிரக்கணக்கில் மிச்சமாகும் குடும்பங்கள் உண்டு. காட்பாடி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் போகிறவர்கள் சென்னைக்கே வராமல் திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகப் போகலாம்.

இதில் ஒரு சூட்சுமம். நடு நிலையத்தில் தொடங்கி நடு நிலையத்தில் முடியும் சீட்டு பெரும்பாலும் பொது ஒதுக்கீட்டில் வராது. பல நிலையங்களுக்குப் பொதுவான சிறிய ஒதுக்கீட்டில் வரும். அங்கே காத்திருப்பு வரிசை மெதுவாக நகரும். ஆகையால் காத்திருப்புச் சீட்டு வாங்குவதென்றால் முழுத் தூரத்துக்கே வாங்குங்கள். வெட்டி வாங்குவதென்றால் இரண்டு துண்டும் உறுதியானவையாக இருக்க வேண்டும், அல்லது இரண்டாவது துண்டு முன்பதிவே தேவைப்படாத வண்டியாக இருக்க வேண்டும். ஒன்று உறுதி, ஒன்று காத்திருப்பு என்று வாங்குவது நடு ஆற்றில் பாலம் முடிவதைப் போன்றது. தேதியையும் மறக்க வேண்டாம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. ஜனவரி 13-இல் கிளம்ப வேண்டுமானால் நவம்பர் 14 காலையில் தயாராக இருக்க வேண்டும்.

வண்டி தாமதமானால்?

எங்கள் உறவில் ஒரு குடும்பம் இப்படி இரண்டு வண்டியாகப் பதிவு செய்து வந்தது. முதல் வண்டி மூன்று மணி நேரம் தாமதம். இரண்டாவது வண்டி போயே போய்விட்டது. ஐந்து பேருக்கான சீட்டுப் பணம் முழுக்கப் போயிற்று. இரண்டும் தனித்தனிச் சீட்டு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

2019 ஏப்ரல் 1 முதல் இதற்கு வழி பிறந்திருக்கிறது. முதல் வண்டியின் பி.என்.ஆர். எண்ணையும் இரண்டாவது வண்டியின் பி.என்.ஆர். எண்ணையும் இணைத்துவிடலாம். இணையத்தில் வாங்கும்போதே இணைப்புப் பயணம் என்று குறிப்பிடலாம், கவுண்டரிலும் சொல்லலாம். பயணிகளின் விவரம் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் முதலெழுத்து, மற்றொன்றில் முழுப் பெயர் என்று போட்டால் சிக்கல்; நம் தமிழ்ப் பெயர்களில் அடிக்கடி நேர்வது இது. இப்படி இணைத்திருந்தால், முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டபோது, போகாத பகுதியின் பணம் பிடித்தமின்றித் திரும்பும். முதல் வண்டி வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் கவுண்டர் சீட்டானால் ஒப்படைக்க வேண்டும். இணையச் சீட்டானால் அதிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பணம் திரும்புமே தவிர, அடுத்த வண்டியில் இடம் கிடைக்கும் என்று பொருள் அல்ல. இரண்டு வண்டிக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள் என்பது தண்டவாள வேலை பார்த்தவனின் யோசனை. பராமரிப்புக்காக வேகத்தைக் குறைக்கச் சொல்லி நாங்கள் வைக்கும் பலகைகள் எத்தனை என்று பயணிகளுக்குத் தெரியாது.

திருப்பதிக்கு இறங்க வெட்டத் தேவையில்லை

மும்பைக் குடும்பங்கள் வழியில் மலைக்குப் போய்வருவது வழக்கம். இதற்காக மும்பை முதல் திருப்பதி ஒரு சீட்டு, திருப்பதி முதல் சென்னை ஒரு சீட்டு என்று வெட்டுவார்கள். இதற்கு வேறு ஏற்பாடு விதியிலேயே இருக்கிறது. 500 கி.மீ.க்கு மேற்பட்ட சீட்டு வைத்திருப்பவர் வழியில் இறங்கித் தங்கிப் போகலாம். 1,000 கி.மீ. வரை ஒருமுறை, அதற்கு மேல் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் இறங்கிய நாளும் ஏறும் நாளும் போக இரண்டு நாட்கள். முதல் இறக்கம் 500 கி.மீ. கடந்த பிறகே. ஆகவே மும்பையிலிருந்து 455 கி.மீ.யில் இருக்கும் சோலாப்பூரில் முடியாது. ஏறத்தாழ 1,145 கி.மீ.யில் வரும் ரேணிகுண்டாவில் தாராளமாக முடியும்.

கவுண்டரில் சென்னை வரை ஒரே சீட்டாக எடுக்கும்போதே, ரேணிகுண்டாவில் இறங்கி இன்ன நாளில் இன்ன வண்டியில் தொடரப்போகிறேன் என்று சொல்லி அடுத்த பகுதிக்கும் இடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். இறங்கியதும் நிலைய அதிகாரியிடம் சீட்டில் குறிப்பெழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இதை மறப்பவர்கள்தான் பிறகு பரிசோதகரிடம் மாட்டிக்கொள்கிறார்கள். ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி பத்து கி.மீ.; அதற்கு மட்டும் தனிச் சீட்டு. ராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளுக்கு இந்த வசதி இல்லை.

சிலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, ரேணிகுண்டாவில் இறங்குகிறவர் தன் சீட்டின் மிச்சத்தை அங்கே காத்திருக்கும் தம்பிக்குக் கொடுத்துவிடுகிறார். அது சீட்டைப் பிரிப்பது அல்ல, குற்றம். 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 142-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அதேபோல் குறைந்த தூரத்துக்கு வாங்கிவிட்டு அதே வண்டியில் மேலே போவதும் கூடாது. அகப்பட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

நாலைந்து ஊர் சுற்றப் போகிறவர்கள் வெட்டுவதற்கு நேர்மாறான ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். சுற்றுப் பயணச் சீட்டு என்று ஒன்று உண்டு. புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வரும் பயணம். மும்பையில் தொடங்கிச் சென்னை, இராமேசுவரம், கன்னியாகுமரி பார்த்துவிட்டு வேறு வழியாக மும்பை திரும்புவது போல. மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் ஒரு நீண்ட பயணமாகக் கணக்கிடுவார்கள். எட்டு இடங்கள் வரை இறங்கலாம். தனித்தனியாக வாங்கும் எட்டு ஒன்பது சீட்டுகளின் முதல் துண்டு விலையெல்லாம் இதில் மறைந்துவிடும். இணையத்தில் கிடைக்காது; போகும் வழியை எழுதிக்கொண்டு பெரிய நிலையத்தின் வணிகப் பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். அங்கே ஒப்புதல் வாங்கி, பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் இடம் பதிவு செய்ய வேண்டும். அலைச்சல் உண்டு. பிள்ளைகளின் பரீட்சை முடிவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

கடைசியாக ஆவடி, அம்பத்தூர், திருநின்றவூர் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு. உங்கள் வண்டி அரக்கோணத்தில் நிற்குமானால் சென்னை வரை போய்த் திரும்பி வர வேண்டாம். அரக்கோணத்தில் இறங்கி மின்சார ரயிலைப் பிடியுங்கள். புறநகர்க் கட்டணம் 2025-இன் இரண்டு உயர்விலும் ஏறவில்லை. சென்ட்ரலிலிருந்து ஆட்டோவுக்குக் கொடுப்பதை எண்ணிப் பார்த்தால் இந்த ஓர் இடத்தில் வெட்டுவதற்கு நான் யோசிக்கவே மாட்டேன்.